எல்லாத்துக்கும் சிரிச்ச முகம்!

இந்த வாரம் மின்னஞ்சலில் வந்த ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். மதுரைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார்.

“என் மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். ஸ்கூலில் கொடுத்த ரிப்போர்ட் கார்டில் ஒரு பக்கத்தைக் குழந்தையே நிரப்ப வேண்டும் என்று போட்டிருந்தது. ‘என்னால் கதை படிக்க முடியும்’, ‘என்னால் கழித்தல் கணக்குப் போட முடியும்’ என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே சிரித்த முகம், சும்மா இருக்கும் முகம், அழும் முகம் மூன்றும் போட்டிருந்தார்கள். இவள் எல்லாவற்றுக்கும் சிரித்த முகத்துக்கே கலர் அடித்துவிட்டாள். கடன் வாங்கிக் கழிக்கிற கணக்கு அவளுக்குச் சுத்தமாக வராது. ‘ஏண்டி பொய் சொல்றே?’ என்று அதட்டினேன். அழுதுவிட்டாள். அதிலிருந்து நோட்டைக்கூடக் காட்ட மாட்டேன் என்கிறாள். நான் செய்தது தப்பா?”

இந்தக் கேள்வி இப்போது பல வீடுகளில் வருகிறது. 2020-ல் வந்த தேசியக் கல்விக் கொள்கை, முன்னேற்ற அட்டையில் டீச்சர் போடும் மதிப்பீடு மட்டும் போதாது, குழந்தை தன்னைப் பற்றித் தானே சொல்வதும் இருக்க வேண்டும் என்றது. பல பள்ளிகள் அந்தப் பக்கத்தைச் சேர்த்துவிட்டன. அதை வைத்துக்கொண்டு வீட்டில் என்ன செய்வது என்றுதான் யாரும் சொல்லவில்லை.

நான் மனநல நிபுணர் இல்லை. 30 வருஷத்துக்கு மேல் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டிய டீச்சர். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். அந்தக் குழந்தை பொய் சொல்லவில்லை. ஆனால், இனிமேல் சொல்வதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. பயப்படாதீர்கள், சரிசெய்யக்கூடியதுதான். இதே தப்பை நானும் செய்திருக்கிறேன்.

அது வயசு பேசுகிற பேச்சு

ஐந்து வயதுப் பிள்ளையிடம், “அந்தச் சுவரைத் தாண்டிக் குதிப்பியா?” என்று கேட்டுப் பாருங்கள். “ஓ... குதிப்பேனே!” என்றுதான் பதில் வரும். அந்த வயதில் ஆசை வேறு, முடிவது வேறு என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது.

ஜான் ஃப்ளேவெல் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1970-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். குழந்தைகளிடம் படங்களை வரிசையாகக் காட்டி, “இதில் எத்தனை படம் ஞாபகம் வைத்துச் சொல்வாய்?” என்று முன்கூட்டியே கேட்டார்கள். பள்ளி சேராத குழந்தைகளும் மழலையர் வகுப்புக் குழந்தைகளும் தங்களால் முடிவதைவிட ரொம்ப அதிகமாகச் சொன்னார்கள். இரண்டாம் வகுப்பு, நான்காம் வகுப்புப் பிள்ளைகளின் கணிப்பு உண்மைக்குக் கிட்டத்தில் வந்தது. தன்னைத் தானே எடைபோடுவது ஒரு திறமை. பல் முளைப்பதுபோல அதுவும் மெல்லத்தான் வரும்.

இந்த மிகை நம்பிக்கையைக் குறை என்று நினைக்காதீர்கள். ‘எனக்கு இது வராது’ என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால், எந்தக் குழந்தையும் பத்து முறை விழுந்து சைக்கிள் கற்றுக்கொள்ளாது.

இன்னொன்றும் இருக்கிறது. ‘கழித்தல் கணக்குப் போட முடியும்’ என்றால் எந்தக் கழித்தல்? ஒன்பதில் நாலு போனால் ஐந்து என்று அந்தக் குழந்தை விரல் மடக்கிச் சொல்லிவிடுவாள் இல்லையா? அப்படியென்றால் அவள் அடித்த கலர் சரிதானே! கேள்விதான் பொத்தாம்பொதுவாக இருந்தது.

பச்சை, மஞ்சள், சிவப்பு

இப்போது என் கதை.

ஒரு வருஷம் ஏதோ பயிற்சியில் கேட்டுவிட்டு வந்து, என் இரண்டாம் வகுப்பில் ஒரு முறையைக் கொண்டுவந்தேன். பாடம் முடிந்ததும் நோட்டின் ஓரத்தில் பிள்ளைகள் ஒரு புள்ளி வைக்க வேண்டும். நன்றாகப் புரிந்தால் பச்சை, கொஞ்சம் குழப்பம் என்றால் மஞ்சள், புரியவே இல்லை என்றால் சிவப்பு. ரோட்டு சிக்னல்போல.

முதல் வாரம் நோட்டெல்லாம் மூன்று நிறமும் கலந்து இருந்தன. எனக்கு ஒரே சந்தோஷம். யாருக்கு எது வரவில்லை என்று ஒரே பார்வையில் தெரிந்தது. இரண்டாவது வாரம் சிவப்பு குறைந்தது. மூன்றாவது வாரம் வகுப்பே பச்சைப் பசேல் என்று ஆகிவிட்டது. ஆஹா, என்ன அருமையாக நடத்துகிறோம் என்று நினைத்துக்கொண்டேன். பரீட்சை வைத்துப் பார்த்தால் பழைய கதைதான்.

ஒரு பெண் குழந்தை. ரொம்பச் சாது. முதல் வாரம் நிறைய சிவப்பு வைத்தவள். அவளுடைய கணக்கு ஒன்றுகூடச் சரியில்லை, ஆனால் ஓரத்தில் பச்சைப் புள்ளி. தனியே கூப்பிட்டு விசாரித்தேன். சிவப்பைப் பார்த்து வீட்டில் அடி விழுந்திருக்கிறது. “கட்டைவிரல் மொத்தத்துக்குச் சிவப்பு வாங்கிட்டு வந்திருக்கியே” என்று திட்டியிருக்கிறார்கள். அந்த அம்மாவின் மேல் எனக்கு அப்படியொரு கோபம் வந்தது.

“சரி, இங்க நான் அடிக்கலையே. எங்கிட்ட நிஜத்தைச் சொல்லலாம்ல?” என்றேன்.

கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். “பச்சை வெச்சாத்தான் நீங்க வெரிகுட் சொல்லிச் சிரிக்கிறீங்க டீச்சர்.”

எனக்குச் சுருக்கென்றது. உண்மைதான். நோட்டைத் திருப்பும்போது பச்சையைப் பார்த்தால் என் முகம் மலர்ந்திருக்கிறது, சிவப்பைப் பார்த்தால் ‘ம்’ என்று அடுத்த நோட்டுக்குப் போயிருக்கிறேன். வீட்டில் அடி, பள்ளியில் என் முகம். இரண்டும் சேர்ந்து 30 பிள்ளைகளுக்கு மூன்றே வாரத்தில் மறைக்கக் கற்றுக்கொடுத்துவிட்டோம்.

இது என் வகுப்பில் மட்டும் நடந்ததில்லை. அமெரிக்காவில் கிளாடியா மியூல்லர், கேரல் டுவெக் என்ற இருவர் 1998-ல் வெளியிட்ட ஆய்வு பிரபலமானது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலரை ‘நீ புத்திசாலி’ என்றும், சிலரை ‘நன்றாக உழைத்தாய்’ என்றும் பாராட்டினார்கள். பிறகு கடினமான புதிர்கள் கொடுத்து, எத்தனை மதிப்பெண் வந்தது என்று வேறொரு பள்ளிப் பிள்ளைக்கு எழுதச் சொன்னார்கள். ‘புத்திசாலி’ என்று பேர் வாங்கியவர்களில் 10-க்கு 4 பேர் அளவுக்கு மதிப்பெண்ணைக் கூட்டி எழுதினார்கள். உழைப்புக்குப் பாராட்டு வாங்கியவர்களில் அப்படிச் செய்தவர்கள் மிகக் குறைவு. வாங்கிய பேரைக் காப்பாற்ற வேண்டுமே!

அதற்குப் பிறகு நான் நிறத்தை விட்டுவிட்டேன். அதற்குப் பதில் மூன்று வாக்கியம். ‘தனியா பண்ணுவேன்’, ‘கூட்டாளியோட பண்ணுவேன்’, ‘டீச்சர் பக்கத்துல உட்காரணும்’. மூன்றாவதைச் சொன்னால் நிஜமாகவே என் பக்கத்தில் பாயில் உட்கார இடம் உண்டு. பிள்ளைகளுக்கு அது தண்டனை இல்லை, சலுகை! சொன்னதற்கு உடனே உதவி கிடைக்கிறது என்று தெரிந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக நிஜம் வெளியே வந்தது. அந்தச் சாதுப் பெண் வந்து உட்கார மட்டும் ஒரு மாசத்துக்கு மேல் ஆயிற்று.

ஏணி ஞாபகம் இருக்கிறதா?

இப்போது இருபதுகளில் இருக்கும் நம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டால், செயல்வழிக் கற்றல் அட்டைகளை ஞாபகம் வைத்திருப்பார்கள். ஆந்திராவில் ரிஷிவேலி கிராமப்புறப் பள்ளிகளில் உருவான முறையைப் பார்த்து, 2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் ஆரம்பித்தது. நான்கைந்து வருஷத்தில் மாநிலம் முழுக்க வந்தது.

சுவரில் கற்றல் ஏணி தொங்கும். படிக்குப் படி ஒரு சின்னம். குழந்தை தன் படி எது என்று தானே பார்த்து, அதே சின்னம் போட்ட அட்டையைத் தட்டிலிருந்து தானே எடுத்து வர வேண்டும். ஆரோக்கியச் சக்கரத்தின் முன்னால் நின்று, நகம் வெட்டியிருக்கிறதா, தலை வாரியிருக்கிறதா என்று தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.

அந்த முறையில் குறைகளும் இருந்தன. அட்டை தொலையும், படியைத் தாண்டிக் குதிப்பார்கள். ஆனால், ‘நான் இப்ப எங்க இருக்கேன், அடுத்து எங்க போகணும்’ என்று ஆறு வயதுப் பிள்ளை விரல் வைத்துக் காட்டியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ரிப்போர்ட் கார்டில் இருக்கும் சிரித்த முகத்தால் அதைக் காட்ட முடியாது.

2022-லிருந்து ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் நிலையைச் சொல்கிறார்கள். அழகான பெயர்கள். ஒரே ஒரு வேண்டுகோள். “எம் பையன் இன்னும் அரும்புலதான் இருக்கான்” என்று பக்கத்து வீட்டில் அவன் காதுபடச் சொல்லாதீர்கள். அரும்பு மொட்டாவதற்குத்தானே அந்தப் பெயரே வைத்திருக்கிறார்கள்?

வீட்டில் என்ன செய்யலாம்?

“புரிஞ்சுதா?” என்று கேட்பதை முதலில் நிறுத்துங்கள். அந்தக் கேள்விக்குத் தலையாட்டலைத் தவிர வேறு பதில் கிடையாது. அதற்குப் பதிலாக என் வகுப்பிலும் இப்போது பேத்தியிடமும் பலித்த சில வழிகள் இதோ.

*எத்தனை வரும்?* சொல்வதெழுதல் 10 வார்த்தை. ஆரம்பிப்பதற்கு முன் கேளுங்கள், “எத்தனை சரியா வரும்னு நினைக்கிறே?” பக்கத்தின் மேலே அந்த எண்ணைக் குழந்தையே எழுதட்டும். திருத்திய பிறகு பக்கத்தில் வந்த எண்ணை எழுதட்டும். முதல் நாள் ‘10’ என்று எழுதி 6 வரும். சிரிக்காதீர்கள். அடுத்த வாரம் 8 என்பாள். இன்னும் சில வாரத்தில் ‘7’ என்று எழுதி 7 வாங்குவாள். அன்றைக்கு, “கரெக்டா சொல்லிட்டியே!” என்று கொண்டாடுங்கள். மூன்று தப்பைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

*சந்தேகப் புள்ளி.* தமிழில் பிள்ளைகள் தடுமாறும் இடம் எல்லோருக்கும் தெரியும். ர-வா ற-வா, ல-வா ள-வா ழ-வா, ன-வா ண-வா. எழுதும்போதே எந்த எழுத்தில் சந்தேகமோ அதன் கீழே பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். பிறகு புத்தகத்தைத் திறந்து, புள்ளி வைத்த எழுத்தை மட்டும் அவர்களே சரிபார்க்கட்டும். தப்பாக எழுதியிருந்தாலும் புள்ளி இருந்தால் அது பாதி வெற்றி. ‘இங்கதான் எனக்குத் தகராறு’ என்று தெரிந்துவிட்டதே! புள்ளி இல்லாத தப்பைத்தான் நாம் கவனித்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

*கணக்கே சொல்லும்.* அந்த அம்மா சொன்ன கழித்தலுக்கு வருகிறேன். 52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் நிறையப் பிள்ளைகள் 35 என்று எழுதுவார்கள். இரண்டிலிருந்து ஏழு போகாது என்பதால், தலைகீழாக ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிடுவார்கள். ‘தப்பு’ என்று நாம் சொன்னால், அழித்துவிட்டு வேறொரு எண்ணைப் போட்டு மறுபடி நம் முகத்தைப் பார்ப்பார்கள். அதற்குப் பதில், “வந்த விடையையும் 27-ஐயும் கூட்டிப் பாரேன்” என்று சொல்லுங்கள். 62 வரும். “ஐயோ, 52 வரணுமே!” என்று குழந்தையே கத்தும். அந்தக் கணக்கின் தப்பை அதுவே பிடித்துவிட்டது. 10 புளியங்கொட்டை கொண்ட ஐந்து கட்டும் இரண்டு உதிரியும் கொடுத்துவிட்டால், ஒரு கட்டைப் பிரித்தால்தான் ஏழு எடுக்க முடியும் என்பதும் கைக்கே தெரிந்துவிடும்.

*மூடிட்டுச் சொல்லு.* திரும்பத் திரும்பப் படித்த பாடம் தெரிந்ததுபோலவே இருக்கும். பெரியவர்களே இதில் ஏமாறுகிறோம். புத்தகத்தை மூடிவிட்டுத் தாத்தாவுக்கோ பொம்மைக்கோ சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். எங்கே நிற்கிறதோ, அதுதான் தெரியாத இடம். வாசிப்புக்கு உங்கள் போனே போதும். ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். ஒரு வாரம் கழித்து அதே பத்தியை மறுபடி பதிவு செய்து, இரண்டையும் போட்டுக் காட்டுங்கள். “இப்ப நிக்காம படிக்கிறேன்ல?” என்று அதுவே சொல்லும்.

*எந்த ‘அ’ அழகு?* கையெழுத்து நோட்டில் ஒரு வரி எழுதி முடித்ததும், “இதுல உனக்குப் பிடிச்ச ‘அ’ எது? ஏன்?” என்று கேளுங்கள். “இதுதான். இது கோட்டுல உக்காந்திருக்கு” என்று பதில் வரும். நல்ல எழுத்து என்றால் என்ன என்று குழந்தையே சொல்லிவிட்டது. அடுத்த வரியை நீங்கள் சொல்லாமலேயே பார்த்து எழுதும்.

இதே வழியில் அமெரிக்காவில் ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் வரைந்த பட்டாம்பூச்சி உலகம் முழுக்க ஆசிரியர் பயிற்சிகளில் காட்டப்படுகிறது. ரான் பெர்கர் என்ற கல்வியாளர் பிரபலப்படுத்தியது. நிஜப் பட்டாம்பூச்சியின் படத்தைப் பார்த்து அவன் முதலில் வரைந்தது சாதாரணக் கிறுக்கல். கூடப் படிக்கும் பிள்ளைகள் ‘இறக்கை இன்னும் கூர்மையா இருக்கணும்’ என்பதுபோல அன்பாக, ஆனால் குறிப்பாகச் சொல்லச் சொல்ல, ஆறாவது முறை அசலைப்போலவே வரைந்துவிட்டான். ‘சூப்பர்’ என்று முதல் படத்தையே ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தால் அந்த ஆறாவது படம் வந்திருக்குமா?

நாம் கவனிக்க வேண்டியது

இவற்றையெல்லாம் ஒரே நாளில் ஆரம்பிக்காதீர்கள். வாரத்துக்கு ஒன்று போதும், அதுவும் இரண்டு மூன்று நிமிஷம். தூக்கக் கலக்கத்தில், பசியில் வேண்டாம்.

அண்ணன், அக்கா, எதிர் வீட்டுப் பிள்ளை யாரையும் உள்ளே இழுக்காதீர்கள். ஏழெட்டு வயதில் பிள்ளைகள் தாங்களாகவே மற்றவர்களோடு ஒப்பிட ஆரம்பிப்பார்கள். நன்றாகப் படிக்கும் குழந்தைகூட ‘எனக்கு எதுவும் வராது’ என்று சொல்லத் தொடங்குவது அந்த வயதில்தான். அப்போது, “அப்படியெல்லாம் இல்லடா, நீ புத்திசாலி” என்று சமாதானம் சொல்வதைவிட, மூணு மாசத்துக்கு முந்தைய நோட்டை எடுத்துக் காட்டுங்கள். நேற்றைய தன்னோடு ஒப்பிட்டால் போதும்.

முக்கியமாக, குழந்தை ‘தெரியலை’ என்று சொல்லும் நொடியில் உங்கள் முகத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க உழைத்துக் களைத்து வந்து உட்காரும்போது, நேற்று சொல்லிக்கொடுத்ததையே ‘தெரியலை’ என்றால் எரிச்சல் வரத்தான் செய்யும். நாமும் மனுஷர்கள்தானே. அன்றைக்கு, “அம்மாவுக்கு இப்ப அசதியா இருக்கு, நாளைக்குப் பாப்போம்” என்று எழுந்துவிடுங்கள். அது எவ்வளவோ மேல்.

மதுரை அம்மாவுக்கு ஒரு வார்த்தை. இன்று ராத்திரி மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, “அன்னைக்கு அம்மா உன்னைப் பொய் சொல்றேன்னு சொன்னது தப்பு கண்ணு” என்று சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் சீக்கிரம் மன்னித்துவிடுவார்கள். நாளைக்கு ஒரே ஒரு கழித்தல் கணக்கு. புளியங்கொட்டையோடு.

என் பேத்தி ஒன்றாம் வகுப்பில் ஒவ்வொரு கணக்குக்கும், “சரியா அம்மாச்சி?” என்று என் முகத்தைப் பார்ப்பாள். “நீ என்ன நினைக்கிறே?” என்று திருப்பிக் கேட்டால் கோபம் வரும். போன வாரம் எட்டிப் பார்க்கப் போனேன். நோட்டைக் கையால் மறைத்துக்கொண்டு, “இருங்க அம்மாச்சி, நான் இன்னும் செக் பண்ணலை” என்றாள்.

நான் எழுந்து காபி போடப் போய்விட்டேன்.

இந்த வார வீட்டுப்பாடம் (பெற்றோருக்கு): சொல்வதெழுதல் வைக்கும் முன், ‘எத்தனை வரும்?’ என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். குழந்தை சொன்ன எண்ணையும், வந்த எண்ணையும், அப்போது உங்கள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தையையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த வாரம் பேசுவோம்.